அட்டைப்பெட்டிக்குள் ஒரு வீரர்

1993-இல் வந்த 'எக்ஸ்-விங்' விளையாட்டில் விண்கலம் ஓட்டுவது, மாதக் கடைசியில் குடும்பம் நடத்துவது மாதிரி. லேசருக்குச் சக்தியைக் கொடுத்தால் வேகம் குறையும். கேடயத்துக்குக் கொடுத்தாலும் குறையும். பங்கு பிரித்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவன் சுட்டுவிடுவான். காற்றே இல்லாத வெளியில் வெடிச்சத்தம் மட்டும் எப்படிக் கேட்கிறதோ!

1998-இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட்' விளையாட்டின் நாயகர் ஸ்னேக்குக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அலாஸ்காவில் அணு ஆயுதத் தளத்துக்குள் நுழைந்து, அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு குந்திவிடுவார். பனியில் காலடித் தடம் பார்த்தால் காவலாளியின் தலைக்கு மேல் ஒரு குறி முளைக்கும். விழுந்தடித்துத் தேடுவான். ஆள் கிடைக்காவிட்டால், சற்று நேரத்தில் பழையபடி ரோந்து. வாங்குகிற சம்பளத்துக்கு அவ்வளவுதான் போலும்.

எனக்குப் பெட்டிதான் தோது. வாசலில் சீட்டுப் பணம் கேட்டு ஆள் நிற்கும்போது லேசரை வைத்து என்ன செய்ய?