சால்வை போர்த்திய முருங்கை

ஐப்பசி மழை விட்டதும் எங்கள் கொல்லை முருங்கையின் அடிமரம், யாரோ பழுப்புச் சால்வை போர்த்திவிட்டது போல இருக்கும். கிட்டப் போனால் சால்வை நெளியும்.

இன்ன புழுதான் என்று கண்டுபிடிக்க வீட்டில் ஆளுக்கொரு வழி. அம்மாவுக்கு அரித்தால் கம்பளிப்பூச்சி, அரிக்காவிட்டால் வெறும் புழு. பிழையே வராத முறைதான். ஆனால் சோதனைக்கு ஓர் உடம்பு வேண்டும். மரத்தடிக் கொடியில் காய்வது என் பனியன்.

பக்கத்து வீட்டு விலங்கியல் வாத்தியாரோ, "காலை எண்ணுங்க சார்" என்பார். முன்னால் மூன்று ஜோடி நிஜக் கால். வயிற்றுப் பக்கம் சதைக்கால் ஐந்து ஜோடிக்குள் இருந்தால் அந்துப்பூச்சியின் புழு. அதைத் தாண்டினால் ரம்ப ஈயின் புழு. சரிதான். ஒன்றின் மேல் ஒன்றாக நூறு கிடக்கும்போது, அத்தனை மயிருக்குள் எந்தக் கால் யாருடையது? வாத்தியார் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் சொல்லிக்கொடுப்பார்.

காலைத் தொடாமலும் கண்டுகொள்ளலாம். மழைக்காலம், முருங்கை, பகலில் அடிமரத்தில் கும்பல்: மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் 'யூப்டெரோட் மொல்லிஃபெரா'தான். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி மேலே ஏறிக் கீரையை மொட்டையடிக்கும். தாய் அந்துப்பூச்சி முட்டைகளைக் கொத்தாக இடுவதால், பொரித்த நாள் முதல் கூடப்பிறந்ததுகள் பிரிவதில்லை. எங்கள் பங்காளிகள் ஒரே கல்யாண வேனில் ஏறமாட்டார்கள்.

பிரான்சில் பைன் மரத்துப் புழுக்கள் இன்னும் ஒருபடி மேல். முன்னால் போவதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போகும். ஃபாபர் என்ற பூச்சியியலாளர் 1896-இல் அவற்றை ஒரு பெரிய பூந்தொட்டியின் விளிம்பில் வட்டமாகச் சுற்றவிட்டார். தின்ன இலை பக்கத்திலேயே இருந்தும், 7 நாள் அதே விளிம்பைச் சுற்றின. முன்னால் போகிறவருக்கு வழி தெரியும் என்று ஒவ்வொன்றுக்கும் நம்பிக்கை. எங்கள் தெரு வழியே போகும் ஊர்வலங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

அடிமரத்தில் கும்பலாக இருக்கும்போதே தீப்பந்தம் காட்டச் சொல்வார்கள் விவசாயத் துறைக்காரர்கள். மாமா கம்பில் துணி சுற்றிக்கொண்டிருக்கும்போது அம்மாவிடம் என் ஆராய்ச்சியை விளக்கினேன். லத்தீன் பெயரை அவள் காதிலேயே வாங்கவில்லை.

"ராத்திரிதான் மேல ஏறுமா? அப்ப இருட்டறதுக்குள்ள நாலு கொத்துக் கீரை பறிச்சுக் குடுத்துடு."

முருங்கைக் கிளை ஆளைத் தாங்காது, தொரட்டிதான் வேண்டும். அதை நாங்கள் எப்போதும் சாய்த்து வைப்பது அந்த அடிமரத்தில்.