சும்மா நில்லும்மா

லென்ஸ் அண்ணனைத் தெரியாதவர் ஜார்ஜ்டவுனில் இருக்க முடியாது. பெயர் மாறலாம், ஆள் மாறுவதில்லை. சனிக்கிழமை காலையில் லெபோ ஆர்மினியன் பக்கம் போய்ப் பாருங்கள். கழுத்தில் ஒரு கேமரா, தோளில் ஒரு கேமரா, ஒரு வாரம் ஊருக்குப் போகிறவர் மாதிரி முதுகில் மூட்டை. உட்கார்ந்தும் உட்காராமலும் ஒருவர் நடுரோட்டில் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருப்பார். மோட்டார்க்காரன் ஹார்ன் அடிப்பான். அண்ணன் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி, "ஒரே ஒரு ஷாட், பாஸ்" என்பார். அந்த ஒரே ஒரு ஷாட்டுக்காக நானும் பல வருடங்களாகக் காத்திருக்கிறேன்.

வாரத்தில் ஐந்து நாள் அவருக்குப் பாயான் லெப்பாஸில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. கடுகைவிடச் சின்னச் சில்லுகளைப் பெரிதாக்கிப் பார்த்து, கோணல் இருந்தால் ஓரம் தள்ளுகிற வேலை. அந்தப் பழக்கம் சனிக்கிழமையும் விடுவதில்லை. காடிக்குத் தவணை முடியவில்லை, லென்சுக்குத் தவணை தொடங்கிவிட்டது. அண்ணியிடம் "பழசு, கூட்டாளி சும்மா குடுத்தான்" என்று சொல்லித்தான் ஒவ்வொரு லென்சும் அந்த வீட்டு வாசலைத் தாண்டியிருக்கிறது.

சும்மா என்பது அண்ணனுடைய உயிர்ச்சொல். "சும்மா ஒரு படம்", "சும்மா வரச் சொல்லுங்க", "சும்மா நில்லும்மா". காசு இல்லை என்பதற்கும் அதுதான், அசையாதே என்பதற்கும் அதுதான், ஏன் என்று கேட்காதே என்பதற்கும் அதுதான். கல்யாண வீட்டில் படம் எடுப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. அவர்கள் வெள்ளி வாங்குகிற வியாபாரிகளாம், இவர் கலைஞராம். "நான் பிள்ளைங்ககிட்ட ஒரு காசு வாங்குறதில்ல" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வார். காலையிலிருந்து வெயிலில் நிற்கிற பிள்ளைக்குத்தான் காசு தரவேண்டும் என்கிற பேச்சு அந்த நெஞ்சுக்குள் எந்த வழியாகவும் நுழைவதில்லை.

கேட்டால் விளக்கமும் வைத்திருக்கிறார். டைம் ஃபார் பிரிண்ட் என்று உலகம் முழுக்க ஒரு முறை உண்டு. பிலிம் காலத்தில் வந்தது. மாடல் தன் நேரத்தைத் தருகிறாள், படக்காரர் பிரிண்ட் போட்டுத் தருகிறார், கணக்கு நேர். நியாயமான முறைதான். ஆனால் அண்ணனிடம் பிரிண்ட் போய் பென்டிரைவ் வந்தது, பென்டிரைவ் போய் லிங்க் வந்தது, லிங்க் போய் இப்போது "அனுப்புறேன்மா" வந்து நிற்கிறது.

இந்த அண்ணனிடம் என் அக்கா மகள் மாட்டியதற்கு நான்தான் காரணம். மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, யு.எஸ்.எம்.மில் படிக்கிற அவளுடைய படத்தைக் கைப்பேசியில் காட்டித் தொலைத்தேன். அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். "போன் ரொட்டிப் படம் எடுக்கத்தான் லாயக்கு. பிள்ளையை வரச் சொல்லுங்க. 85 எம்.எம்., ஒண்ணு புள்ளி நாலு. பின்னாடி எல்லாம் வெண்ணெய் மாதிரி உருகிடும். கண்ணைக் கேமராவே தேடிப் பிடிச்சுக்கும், நான் சும்மா அமுக்கினா போதும்."

பிள்ளை ஐந்து மணிக்கு எழுந்து, அம்மாவின் காஞ்சிப் பட்டைக் கட்டி, குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவில் பக்கம் மல்லிகைச் சரம் வாங்கி வைத்துக்கொண்டு, சொன்னபடி ஏழு மணிக்கு வந்து நின்றாள். 1982 ஜனவரி முதல் தேதி கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்த பிறகு இங்கே விடிவதே ஏழு மணிவாக்கில்தான். அரசாங்கம் இவ்வளவு சலுகை கொடுத்தும் அண்ணன் எட்டுக்குத்தான் வந்தார். பசியாறிவிட்டு வந்திருந்தார். வெறும் வயிற்றில் ஃபோகஸ் நிற்காதாம்.

"கோல்டன் ஹவர் போயிருச்சே அங்கிள்" என்றாள் பிள்ளை. அவளும் யூடியூப் பார்க்கிறவள்தானே.

அண்ணனுக்கு இரண்டு அடி ஒன்றாக விழுந்தது. பெரிய அடி அங்கிள். அண்ணன் என்று சொல்லிப் பழக்கவேண்டும் என்பதற்காகவே அவர் எல்லாப் பிள்ளைகளையும் "தங்கச்சி" என்று ஆரம்பிப்பார். சின்ன அடி அந்தத் தங்க வெளிச்சம். அதைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்கிறவர்கள் வடக்கே, குளிர்நாட்டில் இருக்கிறார்கள். அங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து சோம்பலாக ஏறும், மஞ்சள் வெளிச்சம் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து பேசிவிட்டுப் போகும். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை பாகைகூட வடக்கில் இல்லை. இங்கே சூரியன் மின்தூக்கியில் ஏறுகிற மாதிரி நேரே மேலே போய்விடும். எட்டரைக்கு மூக்கு நிழல் உதட்டில் விழுந்து, எல்லாருக்கும் மீசை முளைத்துவிடும்.

அந்த மீசையை எடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பையிலிருந்து வட்டமாக ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். விட்டேன், படாரென்று விரிந்து என் கண்ணாடியைத் தட்டிவிட்டது. ரிஃப்ளெக்டர். ஒரு பக்கம் தங்கம், ஒரு பக்கம் வெள்ளி. "தங்கம் வேணாம், வெள்ளியைப் பிடிங்க" என்றார். மலேசியத் தமிழனிடம் வெள்ளியைப் பிடி என்றால் வேறு அர்த்தம். அந்த அர்த்தத்தில் அன்று முழுக்க ஒன்றும் கைக்கு வரவில்லை.

இது எனக்கு வந்த தலையெழுத்து மட்டுமில்லை. ஜான் தாம்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1860-களின் தொடக்கத்தில் பினாங்கிலும் அக்கரையில் வெல்லெஸ்லி மாகாணத்திலுமாகப் பத்து மாதம் தங்கிப் படம் எடுத்தார். கை படாமல் உருவத்தைப் பிடிக்கிறது பேய்வேலை என்று சீனர்கள் உதவிக்கு வர மறுத்துவிட்டார்கள். வெள்ளி உப்புக் கரைசல் பட்டால் தோலில் கறுப்பாகக் கறை விழும், அதுவும் அவர்களுக்கு ஆகவில்லை. ஆகவே மெட்ராஸ்காரர்கள் இரண்டு பேரைப் பழக்கி, படம் அச்சிடவும் எடுபிடிக்கும் வைத்துக்கொண்டேன் என்று 1875-ல் வந்த தன் புத்தகத்தில் அவர் எழுதியிருக்கிறார். நூற்றறுபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. நம் ஆள் இன்னும் வெள்ளியும் கையுமாக அஞ்சடியில் நிற்கிறான்.

"இருங்க, லைட் டெஸ்ட்" என்றார் அண்ணன். பிள்ளை அப்போது தயாராகவே இல்லை. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சரிந்த சரத்தை இரண்டு கையாலும் தூக்கி முடியில் சொருகிக்கொண்டு, எதிர்க்கடைப் பூனையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கிளிக். கேமரா முதுகுத் திரையில் அந்தப் படம் இரண்டு விநாடி தெரிந்தது. என் அக்கா சின்ன வயதில் அப்படியே இருப்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் அழித்துவிட்டார். "இது டெஸ்ட் தானே."

அதற்குப் பிறகு வேலை ஆரம்பித்தது. கோவில் பக்கம் எடுக்கலாமே என்றேன். 1833-ல் கட்டிய கோவில், கடைத்தெருப் பக்கம் நிறமும் மணமுமாக இருக்குமே என்று ஆசை. "கோபுரம் வந்தா கல்யாண ஆல்பம் ஆயிடும்" என்று தள்ளிவிட்டார். அவருக்கு வேண்டியது காரை உதிர்ந்த சுவர். 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்த நகரத்தை மரபுப் பட்டியலில் சேர்த்தது முதல் உதிர்ந்த காரைக்கு மரியாதை ஏறிவிட்டது. எங்கள் தாமானில் சுவர் உதிர்ந்தால் வீட்டுக்காரன் சோம்பேறி, இங்கே உதிர்ந்தால் பாரம்பரியம். காஞ்சிப்பட்டைக் கட்டிக்கொண்டு அந்தச் சுண்ணாம்பில் சாயச் சொன்னார். பிள்ளை அம்மாவை நினைத்துக்கொண்டு சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு விரல் இடம் விட்டுச் சாய்ந்தாள். அந்தக் கஷ்டம் முகத்தில் தெரிந்தது. "சூப்பர், இந்த சோகம் நல்லா இருக்கு" என்றார் அண்ணன்.

அவர் தருகிற கட்டளைகளுக்கு அகராதியில் இடமில்லை. சிரி, ஆனா சிரிக்காதே. என்னைப் பார், கேமராவைப் பார்க்காதே. கண்ணால யோசி. தோளை மறந்திரு. "நேச்சுரலா நடந்து வாம்மா" என்று பதினோரு தடவை நடக்கவிட்டார். பன்னிரண்டாவது தடவை அவள் நேச்சுரலாக நடந்தாள், கால் வலித்து. அந்தச் சமயம் பார்த்து பிளாஸ்டிக் பூவும் பாட்டுமாக ஒரு பெச்சா குறுக்கே வந்தது. "ஒரே ஒரு ஷாட், பாஸ்."

இடையில் லென்ஸ் மாற்றும் சடங்கு. ஊதல் பந்தால் மூன்று ஊது, துணியால் இரண்டு துடை, சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்து ஒரு பெருமூச்சு. அந்தக் கண்ணாடி வியர்க்காமல் இருக்க என்னுடைய வெள்ளித்தட்டின் நிழல் லென்சுக்குப் போயிற்று. பிள்ளைக்கு வெயில் போயிற்று. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுகிற மாதிரி துடைத்துக்கொண்டிருக்கிற மனிதரை எப்படித் திட்டுவது?

பத்து மணிக்கு அந்தச் சைக்கிள் சுவருக்கு வந்து சேர்ந்தோம். லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-ல் வரைந்தது. சுவரில் அக்காவும் தம்பியும் வர்ணத்தில், அவர்கள் ஏறியிருக்கிற சைக்கிள் மட்டும் நிஜ இரும்பு. படம் எடுத்துக்கொள்ள அங்கே எப்போதும் வரிசை. அரை மணி நேரம் காத்திருந்து எங்கள் முறை வந்தது. பிள்ளை சுவரிலிருந்து இரண்டு எட்டு முன்னால் நின்று, பக்கவாட்டில் பார்த்தாள். அண்ணன் கீழே மண்டியிட்டார். ஐம்பது, அறுபது கிளிக். "கண்ணைப் பிடிச்சிருச்சு! பச்சைக் கட்டம் அசையவே இல்ல! அவ்வளவு ஷார்ப்பு!" என்று தரையிலிருந்து கத்தினார். வரிசையில் நின்ற சீனப் பாட்டி ஒருத்தி கைதட்டினாள்.

எழுந்தபோது மெமரி கார்டு நிறைந்துவிட்டது, பேட்டரியும் தீர்ந்துவிட்டது. செண்டோல் வாங்கிக் கொடுத்தது நான். ரிஃப்ளெக்டரை மடிக்க எனக்குத் தெரியவில்லை, அண்ணனுக்கும் அன்று வரவில்லை. விரித்தபடியே காடியின் பின்சீட்டில் வைத்தோம், பிள்ளை அதற்குப் பின்னால் உட்கார்ந்து வீடு வந்தாள்.

படம் வருமா என்று முதல் வாரம் அக்கா கேட்டாள். எடிட் நடக்கிறது என்றார் அண்ணன். இரண்டாவது மாதம், கலர் பிடிபடவில்லை. நான்காவது மாதம், புதுக் கணினி வாங்கவேண்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிக்கட்டில் காவடிகளுக்கு நடுவே பார்த்தேன். இரண்டு கேமராவோடு பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தார். "அனுப்புறேன் தம்பி, முருகன் சத்தியமா" என்றார். முருகன் பயம் வேலை செய்தது. மறுநாள் இரவு லிங்க் வந்தது. நானூற்றுச் சொச்சத்தில் தேறியது ஒன்பது.

ஒன்பதும் சைக்கிள் சுவர். சுவரிலிருக்கும் அக்காவும் தம்பியும் கண்ணாடி மாதிரி தெளிவு, தூரிகைக் கோடுகூட எண்ணலாம். ஒண்ணு புள்ளி நாலில் தெளிவு நாலு விரல் ஆழம்தான் நிற்கும். கேமரா கண்ணைத் தேடிப் போயிற்று, நேரே அதைப் பார்த்துச் சிரித்த முகத்தைப் பிடித்துக்கொண்டது, அது சுவரில் இருந்தது. இரண்டு எட்டு முன்னால், பக்கவாட்டில் நின்ற எங்கள் பிள்ளை வெண்ணெய் மாதிரி உருகியிருந்தாள்.

போன் செய்தேன். அண்ணன் அசரவில்லை. ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மாவை இழுத்தார். 48 வயதில், மகளும் மருமகனும் வாங்கிக் கொடுத்த கேமராவில் தொடங்கியவர். வீட்டு வேலைக்காரியை மாதாவாக நிறுத்தி, நிமிடக்கணக்கில் அசையவிடாமல் எடுத்தவர். படம் மங்கல் என்று அந்தக் காலத்தில் சிரித்தார்கள், இன்று அருங்காட்சியகத்தில் மாட்டியிருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் இலங்கைக்கு வந்து, அங்கேயும் வேலையாட்களை நிறுத்திப் படம் எடுத்து, 1879-ல் அங்கேயே கண்மூடினார். எல்லாம் உண்மைதான். "அந்தம்மா மங்கலா எடுத்தாலும் மனுசங்களைத்தானே எடுத்தாங்க" என்று நான் சொல்வதற்குள், "தங்கச்சி அடுத்த சனிக்கிழமை ஃப்ரீயா?" என்று கேட்டுவிட்டார்.

அக்கா அதில் ஒன்றைப் பெரிதாகக் கழுவி எடுத்து, சுங்கை பட்டாணியிலிருக்கும் எங்கள் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பிள்ளைங்க ரெண்டும் என்னமா சிரிக்குதுங்க! அவங்க வீட்டுக்கும் ஒரு பிரிண்டு போட்டுக் குடுத்திருங்கடா, பாவம்."