ஒண்ணும் ஆகாது சித்தப்பா

தோளில் குறுக்காக மாட்டிய பை, பைக்குள் அவில் மாத்திரை ஓர் அட்டை, வாயில் ‘ஒண்ணும் ஆகாது’. இவர் இல்லாத சுற்றுலாக் குழு கிடையாது. பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையிலேயே விட்டு வந்தாரா? ஒண்ணும் ஆகாது. பாங்காக் வெயிலில் தொப்பி வேண்டாமா? ஒண்ணும் ஆகாது. பயணக் காப்பீட்டுப் படிவத்தில் ஒவ்வாமை பற்றிக் கேட்ட கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிய கையோடும் அதைத்தான் சொன்னார்.

வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் அன்றிரவு சித்தப்பா முதுகைத் தூணில் தேய்ப்பார் என்பது தெருவுக்கே தெரியும். “கரப்பான் பண்டம், தொடாதீங்க” என்று சித்தி சட்டியைத் தூக்கி மேலே வைத்துவிடுவார். ஆனால் கடல் தாண்டும்போது கரப்பான் இமிக்ரேஷனிலேயே நின்றுவிடும் என்பது சித்தப்பாவின் கணக்கு. சித்திக்கு விமானம் என்றால் பயம், ஊரிலேயே இருந்துவிட்டார். கேட்பானேன்?

காவோசான் தெருத் தள்ளுவண்டியில் ஓர் அம்மா பச்சைப் பப்பாளித் துருவலை உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தார். சோம் தம். மிளகாய், பூண்டு, எலுமிச்சை, வறுத்த வேர்க்கடலை, மீன் சாறு, மேலே ஒரு பிடி காய்ந்த இறால்.

“இறால் இருக்கு சித்தப்பா.”

“இத்துனூண்டு! ஊறுகாய்க்குக்கூடக் காணாது. ஒண்ணும் ஆகாது.”

பக்கத்து வண்டியில் வறுத்த வெட்டுக்கிளி. “இது பூச்சிடா, இறாலே இல்ல” என்று அதையும் ஒரு பொட்டலம் வாங்கினார். இறாலில் தொல்லை தரும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் பூச்சிகளிலும் உண்டு. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது எளிதில் அழியாது. இதைச் சொன்னேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் காது மடல் சிவந்தது. பிறகு கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. கைக்கடிகார வாரை ஒரு துளை தளர்த்தினார், இன்னொரு துளை தளர்த்தினார், கடைசியில் கழற்றிப் பையில் போட்டார். கீழுதடு பணியாரம்போல உப்பிவிட்டது. அந்த உதட்டை வைத்துக்கொண்டும் சொன்னார். ‘ம்’ மட்டும் வரவில்லை. அவில் இரண்டை விழுங்கினார். அது அரிப்புக்குத்தான் கேட்கும்; மூச்சு இழுக்கத் தொடங்கினால் அதனால் பயனில்லை. இழுத்தது. பப்பாளி அம்மாதான் 1669க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைத்தார்.

மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். “இதற்குமுன் இப்படி வந்திருக்கிறதா?” என்று டாக்டர் கேட்டதற்கு, “நோ நோ, ஃபர்ஸ்ட் டைம்” என்றார். அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம் என்பதால் இரவு முழுக்க அங்கேயே வைத்திருந்தார்கள். அவருக்குக் கட்டில், எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி. காலையில் கண்ணைத் திறந்ததும், “நீ ஏதாவது சாப்பிட்டியாடா?” என்று கேட்டார். மனுஷன் முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் விடமாட்டார். பில் வந்தது. பாட்டை ரூபாயாக்கிப் பார்த்தவர் வாயிலிருந்து, அன்று முதன்முறையாக, அந்த இரண்டு வார்த்தை வரவில்லை.

தன் உதட்டோடு அவர் விளையாடட்டும், போகிறது. என் அக்கா மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. திரும்பி வந்த வாரமே, “ஒரே ஒரு கடலைமிட்டாய், ஒண்ணும் ஆகாது” என்று அந்தக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனார். நான் கையைத் தட்டிவிட்டேன். பெரியவர் கையைத் தட்டலாமா என்று வீட்டில் இரண்டு நாள் என்னிடம் யாரும் பேசவில்லை. அவரிடம் எல்லாரும் பேசினார்கள்.

அடுத்து வியட்நாமாம். அங்கே மீன் சாறு இல்லாமல் அடுப்பே எரியாது. டிக்கெட் போட்டாயிற்று, பக்கத்து இருக்கை காலி. உங்களில் யாராவது போகிறீர்களா?