பெயிண்ட் அடுக்கியல்: ஹல்துமுல்லைக் கொழுந்து லொறி ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

மண்ணைத் தோண்டினால் நாகரிகம் வரும் என்பது கீழடிக்குப் பிறகு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லொறிக் கதவைச் சுரண்டினாலும் வரும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. களம்: கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதியில், பெரகலைச் சந்திக்குச் சற்று முன்னால், ஹல்துமுல்லையில் எங்கள் பெரியப்பா வீட்டு முற்றம். பொருள்: தோட்டம் கழித்துவிட்ட பெட்போர்ட் லொறி ஒன்று. கருவிகள்: சேண்ட் பேப்பர், பட்டித் தகடு, பெரியம்மாவைக் கேட்காமல் கிழித்த சேலை.

முதலில் குலவரலாறு. இங்கிலாந்தின் லூட்டன் நகரத்து வொக்ஸ்ஹோல் கம்பனி 1931இல் இந்தப் பெயரில் லொறி விடத் தொடங்கியது. லூட்டன் இருப்பது பெட்போர்ட்ஷயரில். பெயராய்வு அதோடு முடிந்தது. இதே லொறிக்குப் பாகிஸ்தானில் மயிலும் ரோஜாவும் வரைந்து, சங்கிலிச் சலங்கை தொங்கவிட்டு மணப்பெண்ணாக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் அது நேரே மருமகளாகத்தான் வந்திறங்கியது. கொழுந்து சுமந்தது, உரம் சுமந்தது, கோதுமை மாவு சுமந்தது, பிள்ளை பெறப் போனவளை ஆஸ்பத்திரிக்கும் சுமந்தது.

இனி அகழ்வு. வலப்பக்கக் கதவில் ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டினோம். மேலே வெளிறிய நீலம். அதன் கீழே பச்சை. பச்சைக்கும் கீழே கருஞ்சிவப்பு, அதில் வெள்ளை ஆங்கில எழுத்தின் அரைவட்டம் ஒன்று. காலக்கணிப்பு சுலபம். சிவப்பு, வெள்ளைக்காரக் கம்பனிக் காலம். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, பச்சை வந்தது. 1992இல் நிர்வாகம் திரும்பவும் கம்பனிகளின் கைக்குப் போனது, நீலம். தோட்டம் கைமாறும்போதெல்லாம் முதலில் மாறியது லொறிக் கதவுதான் என்று இதிலிருந்து பெறப்படுகிறது. லயத்துக் கூரைத் தகரத்திலும் இதேபோல் சுரண்டிப் பார்த்தேன். ஒரே அடுக்கு. துரு.

துருவைப் பற்றியும் ஒரு சொல். இரும்பு துருவானால் முன்பு இருந்ததைவிடக் கூடுதல் இடம் கேட்கும். அதனால்தான் பெயிண்ட் பொரிபோல் உப்பிக் கிளம்புகிறது. மேலே நல்ல பெயிண்ட், அடியில் துரு என்ற முறையில் எந்த நிர்வாகமும் இதுவரை வென்றதில்லை. பெரியப்பா இரும்பு தெரியும்வரை தேய்த்து ரெட் ஒக்சைட் பூசச் சொன்னார். தேய்த்தது நான்.

ஆய்வில் பெரும் சிக்கல் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே தென்பட்டது: உள்ளங்கை அகல மஞ்சள். 1975க்கும் 1992க்கும் நடுவே வரலாற்றில் பதிவாகாத மஞ்சள் நிர்வாகம் ஒன்று இந்த மலையை ஆண்டிருக்கிறது என்று நான் முடிவுகட்டினேன். குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன்.

காலநிலை இயல். ஆடி ஆவணியில் தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலை தாண்டி ஊவாவுக்குள் இறங்கும். அந்தக் காய்ந்த கச்சான் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கித் தந்த வாசனையைக் கொடுக்கிறது. பெயிண்டையும் நொடியில் காயவைக்கிறது. கூடவே வீதிப் புழுதி முழுவதையும் அதில் பதித்தும் விடுகிறது. ஆகவே நவம்பரில் அடித்தோம். அது அதைவிடப் பிழை. என்.சி. பெயிண்டில் தின்னர் பறக்கும்போது தகடு குளிரும். கீழே பள்ளத்திலிருந்து ஏறிவரும் மூடுபனி அந்தக் குளிர்ந்த தகட்டில் ஈரமாய்ப் படியும். விடிந்து பார்த்தால் லொறி முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. மறுபடி சேண்ட் பேப்பர். பெப்ரவரியில் வெயில் பார்த்து அடித்ததுதான் நின்றது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு: டின்னில் இருபது நிமிடம் என்று போட்டிருந்தது, பெரியப்பாவின் அளவை ஒரு பிளேன்டி.

நம்பர் பிளேட் தனி அத்தியாயம். இரண்டு எண்களுக்கு நடுவே சிங்கள ஸ்ரீ. 1958இல் அந்த ஒற்றை எழுத்தின்மேல் தார் பூசுவதும், பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசுவதுமாக நாடு அல்லோலகல்லோலப்பட்டது. இலங்கை வரலாற்றில் பிரஷ்ஷுக்கு இருந்த பலம் எந்த ஆய்வாளரும் அறிந்ததே. பெயிண்ட் படாமல் மூடவேண்டிய இடங்கள் எல்லாவற்றுக்கும் பெரியப்பா ஒரு மடிப்புப் பத்திரிகைத் தாள் ஒட்டினார். பிளேட்டுக்கு மட்டும் நான்கு மடிப்பு.

அகழ்வின் கடைசி நாள், முப்பது வருசம் அதே லொறியை ஓட்டிய டிரைவர் மாமா வந்தார். ஆய்வேட்டைக் காட்டினேன். மஞ்சள் நிர்வாகப் பகுதியை நானே வாசித்தும் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கதவைத் தடவிப் பார்த்தார்.

“இது நாந்தான் தம்பி. கீழ் மலைத் திருப்பத்துல மரத்தோட ஒரசிட்டேன். தொரை பாக்கிறதுக்குள்ள கோயில் தேருக்கு வாங்கின பெயிண்ட் மிச்சம் கெடந்திச்சு, அத எடுத்துப் பூசிட்டேன்.”

“பச்சைக்கு மேல மஞ்சளா? தொரைக்குத் தெரியலியா?”

“அவரு எப்பவும் மத்தப் பக்கந்தான் ஏறுவாரு” என்றார். பிறகு விரலை மடக்கி அந்த இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, “உள்ளுக்கு நெளிவு அப்படியே கெடக்கு. பட்டி கொஞ்சம் கூடவே போடு” என்று தகட்டை என் கையில் கொடுத்தார்.