புது வண்டிக்குப் பழைய வைத்தியம்: கார் கேள்வி-பதில்

கேள்வி: தினமும் காலையில் காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகுதான் கிளப்ப வேண்டும் என்கிறார் அப்பா. அவர் சொல்வது சரியா, இல்லை பெட்ரோல் தண்டமா? (வாசகி, திண்டுக்கல்)

அப்பா சொல்வது அம்பாசிடருக்கு நூற்றுக்கு நூறு சரி. அந்த வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பியது கார்புரேட்டர். இன்ஜின் குளிர்ந்து கிடக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சோக்கை இழுத்துவிட்டு, இன்ஜின் திணறல் அடங்கி ஒரு நிதானத்துக்கு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகை விதிகள் கடுமையானதும் புதிய கார்களில் கார்புரேட்டர் விடைபெற்றது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. இப்போது இன்ஜினின் சூட்டை ஒரு சென்சார் அளக்கிறது. எவ்வளவு பெட்ரோல் விடுவது என்பதை வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அரை நிமிடம் போதும். கிளம்பிய முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்காமல் ஓட்டினால் இன்ஜின் தானாகப் பதத்துக்கு வந்துவிடும். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் மிக மெதுவாகத்தான் சூடேறும். அதுவரை எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். அம்பாசிடரைக் காப்பாற்றிய மருந்து உங்கள் காருக்கு நோயாகிறது என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் கார் வாங்கியபோது கொடுத்த புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுங்கள். இந்த வாரக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சிக்கல்தான்: வண்டியை மாற்றிவிட்டோம், வண்டியைப் பற்றிய நம் பழக்கங்களை மாற்றவில்லை. அந்தப் பழக்கங்களைத் திருத்தும் புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கிறது.

கேள்வி: எங்கள் மெக்கானிக்குக் கைராசி அதிகம், முப்பது வருட அனுபவம். "0W-20 ஆயில் தண்ணி மாதிரி இருக்கு, நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது, 20W-40 போடலாம்" என்கிறார். புத்தகத்தை நம்புவதா, அவரை நம்புவதா? (வாசகர், விருதுநகர்)

சத்தத்தை வைத்தே பேரிங் போயிருக்கிறது என்று சொல்லும் அந்தக் காதை நம்புங்கள். கிளட்ச் தேய்ந்துவிட்டதைப் பாதத்தாலேயே உணரும் அந்தக் காலையும் நம்புங்கள். ஆயிலின் எண் மட்டும் அனுபவத்தால் வருவதில்லை. இன்ஜினுக்குள் பாகத்துக்கும் பாகத்துக்கும் எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்பதைப் பொறுத்தது அது. அந்த இடைவெளி வடிவமைத்தவருக்குத்தான் தெரியும். பழைய இன்ஜின்களில் இடைவெளி அதிகம், கெட்டி ஆயில் பொருந்தியது. இன்றைய இன்ஜின்கள் நெருக்கமாகக் கட்டப்பட்டவை. காலையில் சாவியைத் திருப்பியதும் ஆயில் கீழ்ச் சட்டியிலிருந்து இன்ஜின் தலைவரை ஏற வேண்டும். தேய்மானம் அதிகம் நடப்பது அது ஏறி முடிக்கும் அந்தச் சில நொடிகளில்தான். மெல்லிய ஆயில் சீக்கிரம் ஏறும். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பும் பல இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. அதில் கெட்டி ஆயிலை ஊற்றினால் பிக்கப் மந்தமாகும், மைலேஜ் குறையும். வெயில் பற்றிய பயமும் வேண்டாம். எண்ணில் W-க்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் இருப்பது இன்ஜின் முழுச் சூட்டில் ஓடும்போது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. விருதுநகர் வெயில் 40 டிகிரி. ஓடும் இன்ஜினுக்குள் ஆயிலின் சூடு 100 டிகிரியைத் தொடும். வடிவமைத்தவர் அந்தச் சூட்டை வைத்துத்தான் எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

"பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் ஆயில் மாற்றினால் போதும் என்று போட்டிருக்கிறதே, அதையும் அப்படியே நம்புவதா?" என்று கேட்பீர்கள். அந்த அட்டவணையை முழுதாகப் படியுங்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்றிருக்கும். வாரத்தில் ஒரு நாள் கோயிலுக்கு மட்டும் எடுக்கும் வண்டிக்கு வருடக் கணக்குத்தான். அதற்குக் கீழேயோ அடுத்த பக்கத்திலோ கடினமான ஓட்டம் என்று இன்னொரு அட்டவணையும் பெரும்பாலான புத்தகங்களில் உண்டு: புழுதிச் சாலை, குறுகிய தூரம், நெரிசலில் நின்று நின்று போவது. நம்மில் பலருடைய ஓட்டம் அந்த வகைதான். சீக்கிரம் மாற்றச் சொல்வதும் புத்தகமே.

கேள்வி: ஏசி போட்டால் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது. வண்டி போச்சா? (வாசகர், தஞ்சாவூர்)

சந்தோஷப்படுங்கள், ஏசி நன்றாக வேலை செய்கிறது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து தண்ணீராகி வெளியேறுகிறது. சொட்டாமல் முன்சீட்டுக்காரரின் காலடி மிதியடி நனைந்தால்தான் கவலை. வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. தரையில் விழுந்த சொட்டு பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தொட்டால் வழுக்கலாகவோ இருந்தால் அது கூலண்ட். அதற்குப் பதிலாகப் போர்த் தண்ணீரை ஊற்றும் பழக்கம் பித்தளை ரேடியேட்டர் காலத்தது. இன்றைய அலுமினிய ரேடியேட்டருக்குள் உப்புத் தண்ணீர் போனால் அரிக்கும், படிவம் அடைக்கும். சூடான இன்ஜினில் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஊட்டியிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நண்பர்கள் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். இதிலென்ன தப்பு? (வாசகர், கோயம்புத்தூர்)

தப்பு இரண்டு. ஒன்று பர்சில், ஒன்று உயிரில். கார்புரேட்டர் வண்டியில் நியூட்ரல் கொஞ்சம் மிச்சப்படுத்தியது உண்மை. அந்தக் கணக்கு அந்த வண்டியோடு முடிந்தது. இன்றைய கார் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சரிவில் உருளும் சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொடுக்கிறது. நியூட்ரலுக்குத் தள்ளினால் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். அணையாமல் இருக்க இன்ஜின் பெட்ரோல் குடித்தே ஆக வேண்டும். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு செய்கிறீர்கள்.

உயிர் சமாச்சாரம் இதைவிடப் பெரிது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் வழியெங்கும் இருக்கின்றன. ஆனாலும் அங்கே பிரேக் பிடிக்காமல் கவிழும் வண்டிகள் உண்டு. பிரேக் எப்படிப் பிடிக்காமல் போகிறது? நியூட்ரலில் வண்டியை அடக்கும் வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. டிஸ்க் காய்கிறது, பேட் காய்கிறது, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த விதி கேட்கும் எல்லை 155 டிகிரிதான். அதைத் தாண்டினால் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் மிதித்த விசை சக்கரத்துக்குப் போகிறது. ஆவியை அமுக்கலாம். பெடல் பஞ்சு மாதிரித் தரைவரை போகும், வண்டி நிற்காது. இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுகிறவர்கள் இன்னும் மோசம். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிடம் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும்.

"இருபது வருடமாக இப்படித்தான் இறங்குகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பார் உங்கள் நண்பர். அவருடைய பிரேக் ஆயில் 230 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறதா, 155-க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் தெரியாமல் இறங்குகிறார் என்பதுதான் என் கவலை. பிரேக் ஆயிலைப் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றச் சொல்வார்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் தாழ்ந்த கியரைப் பிடித்துவைக்க வழி உண்டு. லீவரில் எந்த எழுத்து என்பது வண்டிக்கு வண்டி மாறும். மலையடிவாரத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பங்கில் காற்று அடிக்கும் தம்பி "35 வைக்கவா சார்" என்கிறார். டயரிலோ 51 என்று போட்டிருக்கிறது. நைட்ரஜன் நல்லது என்கிறார்கள். எதைக் கேட்பது? (வாசகர், சேலம்)

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து பொருந்தும் தூணின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆளும் மூட்டையும் நிறைந்தால் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருப்பார்கள். டயரில் போட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதே டயர் பல கார்களுக்குப் போகும், உங்கள் காரின் எடை டயர் கம்பெனிக்குத் தெரியாது. காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். நான்குவழிச் சாலையில் டயர் வெடிப்பதற்கு இது முக்கியமான காரணம். கூடினால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், மழையில் பிரேக் அடித்தால் வழுக்கும். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அளப்பதுதான் சரியான அளவு. நைட்ரஜன் கெடுதல் செய்யாது, ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுத்து வாங்குவது மீதிக்காக. அந்தக் காசில் மாதம் ஒரு முறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரையும் பாருங்கள். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருந்தால் அதற்குப் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. காற்றும், 80 கிலோமீட்டர் வேக வரம்பும் அதன்மேலேயே எழுதியிருக்கும்.

கேள்வி: மழைத் தண்ணீரில் கார் நின்றுவிட்டால், துடைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யலாமா? (வாசகி, வேளச்சேரி, சென்னை)

கூடவே கூடாது. பழைய வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து இன்ஜின் நிற்கும். துணியால் துடைத்தால் கிளம்பும். அந்த ஞாபகம்தான் இன்று பல இன்ஜின்களை உடைக்கிறது. இப்போது நிற்கிறது என்றால் காற்று இழுக்கும் வழியில் தண்ணீர் புகுந்திருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. சாவியைத் திருப்பினால் மேலே வரும் பிஸ்டன் அதில் மோதி, கனெக்டிங் ராடு வளையும். முழு இன்சூரன்ஸ் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கொடுக்கும்; ஆனால் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்ததால் உடைந்த இன்ஜினுக்குப் பெரும்பாலும் கொடுக்காது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்கும் பிரிவு இருக்கிறதா, அதன் நிபந்தனை என்ன என்று ஐப்பசிக்கு முன்பே பாலிசியில் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் உங்கள் பகுதிக்குக் கற்றுக்கொடுத்ததை மறக்க வேண்டாம். மழைக்கு முன்னால் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்களே உங்கள் பகுதிக்காரர்கள், அவர்கள் செய்தது சரி.

கேள்வி: புத்தகம், புத்தகம் என்கிறீர்கள். கம்பெனிக்காரன் தன் வியாபாரத்துக்கு எழுதியதுதானே அது? முந்நூறு பக்கம், அதுவும் ஆங்கிலத்தில். யார் படிப்பது? (வாசகர், நாகர்கோவில்)

கம்பெனிக்கு ஆதாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று சிலர் கியர் ஆயிலைப் பற்றி எழுதுவதை நானும் ஏற்பதில்லை. அங்கே மெக்கானிக் பக்கம்தான் நான். ஆனால் பில்லை ஏற்றும் இன்ஜின் ஃப்ளஷ், விதவிதமான கோட்டிங் எல்லாம் பெரும்பாலும் புத்தகத்தில் இருப்பதில்லை, சர்வீஸ் கவுன்டரில்தான் முளைக்கின்றன. "இது புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், பாதி வரிகள் பில்லிலிருந்து இறங்கிவிடும். முந்நூறு பக்கமும் வேண்டாம். பராமரிப்பு அட்டவணை, டயர் அளவு, எச்சரிக்கை விளக்குகள், அவசரம் என்ற நான்கு பகுதிகள் போதும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும், மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும். மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அதையும் சிவப்பாகவே எண்ண வேண்டும்.

ஆங்கிலம் என்ற புகார் மட்டும் முற்றிலும் நியாயம். தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார் செய்ய இடம் இருக்கிறது. அந்தக் காரை வாங்கும் தமிழருக்கு அவர் மொழியில் ஒரு கையேடு கொடுக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த முறை புது வண்டிக்கு முன்பணம் கட்டும் நாளில், சீட் கவருக்கும் மிதியடிக்கும் பேரம் பேசுவதற்கு முன்னால், தமிழில் கையேடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஷோரூமில் இல்லை என்றால் கம்பெனிக்கே எழுதுங்கள். கேட்கிறவர் எண்ணிக்கை கூடினால் அச்சடிப்பார்கள்.