தீநிரலின் சாயல் குறித்து

பிறர் கணினியில் சொல்லாமல் புகுந்து கேடு செய்ய எழுதப்பட்ட நிரலே தீநிரல். அதில் தானே பரவும் வகையான வைரஸை ஒருபோதும் பிழையாமல் கண்டறியும் கருவி இருக்க முடியாது என்று 1984இல் ஃபிரெட் கோஹன் நிறுவினார். கருவியிடமே முதலில் தீர்ப்புக் கேட்கும் ஒரு நிரலைக் கற்பனை செய்யுங்கள். “நீ வைரஸ்” என்றால் அது சும்மா இருக்கும். “இல்லை” என்றால் பரவும். கருவி எதைச் சொன்னாலும் பொய்யாகிறது. ஆகவே எஞ்சியிருக்கும் வழிகளில் ஒன்று, முன்பு கண்ட தீநிரல்களின் சாயல் இருக்கிறதா என்று பார்ப்பது.

சாயல் பார்ப்பது சிறிய வித்தை இல்லை. 2011இல் சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் லக்ஷ்மணன் நடராஜும் உடன் ஆய்ந்தோரும் தீநிரலைப் படமாக்கினார்கள். கோப்பின் ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 கறுப்பு, 255 வெள்ளை, நடுவில் சாம்பல். வரிசை வரிசையாக அடுக்கினால் கோப்பு துணிபோல விரிகிறது: காலியிடம் கரும்பட்டை, சுருக்கி மறைத்த பகுதி தூவிய மணல். தீநிரல் எழுதுகிறவர்கள் பழையதையே வெட்டி ஒட்டிப் புதியதாக்குவதால் ஒரே குடும்பத்தில் நெசவு பெரிதும் மாறுவதில்லை. 25 குடும்பங்களை அந்த நெசவை வைத்தே 98 விழுக்காடு சரியாகப் பிரித்தார்கள், ஒரு நிரலையும் ஓடவிடாமல். யார் வீட்டுப் பிள்ளை என்று முகத்தைப் பார்த்தே ஊர்க்கிழவி சொல்வதை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த வேலை இது. எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

விழுக்காட்டைத்தான் நம்பக் கூடாது. 2015இல் மைக்ரோசாஃப்ட் நடத்திய தீநிரல் வகைப்படுத்தும் போட்டியில் பயிற்சிக்கு 10,868 கோப்புகள், 9 குடும்பங்கள். கெலிஹோஸ் மூன்றாம் பதிப்பு என்ற குடும்பத்தில் மட்டும் 2,942. சிம்டா என்ற குடும்பத்தில் வெறும் 42. எதைக் காட்டினாலும் “சிம்டா இல்லை” என்று சொல்லும் கருவி, ஒரு சிம்டாவையும் பிடிக்காமலே நூற்றுக்கு 99.6 வாங்கிவிடும்.

சாயலைப் பூசவும் முடியும். 2019இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், சைலன்ஸ் நிறுவனத்தின் இயந்திரக் கற்றல் கருவியைச் சோதித்தார்கள். ஒரு விளையாட்டு நிரலிலிருந்து எடுத்த சொற்களைத் தீநிரல்களின் வாலில் ஒட்டினார்கள். அவற்றின் செயல் எள்ளளவும் மாறவில்லை. கருவி பலவற்றை நல்லவை என்று உள்ளே விட்டது.

கருவி வாங்கும் அலுவலகங்கள் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: குடும்பவாரியாக எத்தனை தப்பின? வாலில் எதையாவது ஒட்டினால் தீர்ப்பு மாறுமா? பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.