பி.எட். மாணாக்கர் இலக்கணம்

பாயிரம்

மாணாக்கரை வகைபிரித்தவர் பவணந்தி முனிவர். அன்னமும் பசுவும் போன்றோர் தலை, மண்ணும் கிளியும் போன்றோர் இடை, ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றோர் கடை என்று நன்னூலின் பாயிரத்திலேயே கணக்கை முடித்துவிட்டார். ஆசிரியரையும் அவர் விடவில்லை. நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கின் குணம் உடையவர் ஆசிரியர். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு போன்றவர் ஆகாதவர். ஆனால், மாணாக்கர் நிலை கழியாமலும் ஆசிரியர் நிலை எய்தாமலும் இரண்டாண்டு நடுவில் நிற்கும் ஓர் இனம் முனிவர் கண்ணில் படவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பி.எட். இல்லாமையால் இது குற்றமன்று. அவ்விடைவெளியை நிரப்புவதே இந்நூல்.

பாயிரத்தில் எல்லை சொல்ல வேண்டும் என்பது மரபு. வேங்கடம் ஆந்திரத்தோடு போய்விட்டபடியால் திருத்தணி முதல் குமரி வரை எனக் கொள்க. இந்நிலப்பரப்பின் பி.எட். கல்லூரிகள் 2008 முதல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் குடைக்கீழ் வந்தன. வழி என்பது சைதாப்பேட்டை வழி. 1856-இல் சென்னையில் தொடங்கிப் பின்னர் சைதாப்பேட்டையில் நிலைகொண்ட ஆசிரியர் கல்லூரியே இங்கு மூத்தது. ஆசிரியர் தினத்துக்கு உரிய ராதாகிருஷ்ணனே, மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எல்.டி. பயிற்சிக்கு அங்கே போனவர்தான். எல்.டி. பி.டி. ஆயிற்று, பி.டி. பி.எட். ஆயிற்று. ஓராண்டாக இருந்த படிப்பை, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யின் 2014 விதிகள் இரண்டாண்டாக்கின. 2025-இல் வந்த வரைவு விதிகளில் ஓராண்டு பி.எட். மறுபடியும் தலைகாட்டியது. இதற்கு இலக்கணத்தில் 'மாத்திரை நீண்டு குறுகல்' என்று ஒரு விதி செய்துகொள்ளலாம்.

கேட்போர்: அட்டெண்டன்ஸ் போதாமல் அலுவலக வாசலில் நிற்போர். பயன்: இன்டர்னல் மார்க் எதுவும் கிடைக்காது. மற்றவை வந்துழிக் காண்க.

வரவியல்

பி.எட்.டுக்கு வருவோர் தன்வினையால் வந்தார், பிறவினையால் வந்தார் என இருவகையர்.

தன்வினையார் சிறுபான்மை. நாலாம் வகுப்பிலேயே வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி, தம்பி தங்கைகளை உட்காரவைத்துப் பிரம்பு வீசியவர்கள். இவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எப்படியும் ஆசிரியர் ஆகிவிடுவார்கள், பி.எட். தடுத்தாலும்.

பிறவினையாரோ பலர். "கல்யாணம் ஆகற வரைக்கும் வீட்டுல சும்மாதானே இருக்கப் போறே, ஒரு பி.எட். முடிச்சு வை" என்ற தந்தைமொழியால் வந்தோர் ஒருசார். எம்.எஸ்சி.க்குப் பின்னால் பி.எட். என்று இருந்தால் திருமண விளம்பரத்தில் ஒரு சொல் கூடுதலாக ஏறும். சம்பந்தி வீட்டார் அதை மதிப்பார்கள். இவ்வகையில் பலருக்கு இரண்டாமாண்டு நடுவிலேயே கல்யாணம் முடிந்துவிடுவதால், படிப்பின் நோக்கம் படிப்புக்கு முன்னே நிறைவேறிவிடுகிறது. மற்றொரு சாரார் பொறியாளர். கணிதமும் அறிவியலும் சார்ந்த பொறியியல் பட்டத்தில் 55 விழுக்காடு உடையோரை 2014 விதிகள் உள்ளே விட்டன. நான்காண்டு எந்திரம் படித்து, இரண்டாண்டு வேலை தேடி, கடைசியில் ஏழாம் வகுப்புக்கு நெம்புகோல் நடத்த வருபவர் இவர். நெம்புகோலை இவரளவு மரியாதையோடு நடத்துபவரை நான் கண்டதில்லை.

இவ்விருவகையிலும் அடங்காத மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் வரா மாணாக்கர்; ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். "ரெகுலர் கோர்ஸ்தான் சார், ஆனா காலேஜுக்கு வர வேணாம்" என்று சேர்க்கையின்போதே சொல்லிவிடும் கல்லூரிகள் உண்டு, பெயர் வேண்டா. இவர் திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கையில், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் வருகைப்பதிவேட்டில் இவர் பெயருக்கு நேரே நாள் தவறாமல் குறி விழுந்துகொண்டிருக்கும். உடல் ஓரிடத்தும் இருப்பு வேறிடத்துமாக வாழ்தல் சித்தர்க்கே இயலும் என்று முன்னோர் நினைத்திருந்தனர். அவர்களிடம் கட்டண ரசீது கிடையாது.

களவியல்

தொல்காப்பியர் களவை முன்வைத்துக் கற்பைப் பின்வைத்தார். பி.எட்.டிலும் அதுவே முறை: வகுப்பறைக்குப் போகுமுன் ரெக்கார்டு.

பாடக்குறிப்பு ரெக்கார்டு, உளவியல் ரெக்கார்டு, கேஸ் ஸ்டடி, செயல் ஆராய்ச்சி, முகாம் ஆல்பம் என ஏடுகள் பல. எல்லாம் பிரவுன் அட்டை போட்டு, மார்ஜின் அடித்து, தலைப்புக்கு ஒரு மை, உள்ளுக்கு ஒரு மை என எழுதி, செய்முறைத் தேர்வுக்கு வரும் 'கமிஷன்' முன்னால் அடுக்கி வைக்கப்பட வேண்டும். கமிஷன் அவற்றைத் தூக்கிப் பார்க்கும். படிக்குமா என்பதில் ஆசிரியர்களிடையே கருத்துவேறுபாடு உண்டு. எடை பார்க்கும் என்பதில் இல்லை.

ஏடு எழுதுவோரைத் தாமே எழுதுவோர், சீனியரைப் பார்த்து எழுதுவோர், டி.டி.பி. கடையில் எழுதுவிப்போர் எனப் பிரிக்கலாம். நடுவகையே ஆராய்ச்சிக்கு உரியது. சீனியருக்கும் ஒரு சீனியர் உண்டு, அவருக்கும் ஒருவர். மூல ஏடு எங்கோ மறைந்துபோக, பிரதிக்குப் பிரதி பாடபேதம் மிகுந்துவிடும். உ.வே.சா. இருந்திருந்தால் ஒப்புநோக்கிப் பதிப்பித்திருப்பார்.

கேஸ் ஸ்டடியை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் சிறுவன் எட்டாம் வகுப்பு. தந்தை கூலித் தொழிலாளி. கடைசி பெஞ்ச். தாழ்வு மனப்பான்மை. பயிற்சி ஆசிரியை அன்பாகப் பேசியதும் ஆறே வாரத்தில் மாறிவிடுகிறான், முன்வரிசைக்கு வருகிறான், கையெழுத்து திருந்துகிறது. அடுத்த ஆண்டு அதே சிறுவன் அதே கடைசி பெஞ்சுக்குத் திரும்பி அடுத்த அணியால் மறுபடி திருத்தப்படுகிறான். பிரதிகளின் வழியே பின்னோக்கிப் போனால் அவனுக்கு இப்போது முப்பது வயதுக்குக் குறையாது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்கக் கூடாது என்ற சட்டம்கூட அவனுக்கு உதவவில்லை.

உளவியல் சோதனைகளில் கண்ணாடி வரைதல் ஒன்று. கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரத்தின் ஓரம் தவறாமல் பென்சிலை ஓட்ட வேண்டும். முதல் முயற்சியில் பென்சில் மூலைதோறும் எதிர்ப்பக்கம் ஓடும். முயலமுயல நேரமும் பிழையும் குறையும். அதை வரைபடமாக இறக்கினால் கற்றல் வளைகோடு. நடப்பில் வளைகோடு முதலில் வரையப்படுகிறது. பிறகு அதிலிருந்து எண்கள் எடுக்கப்பட்டு அட்டவணைக்குப் போகின்றன. சோதனைக்கு உட்பட்டவர் பெயராகப் பக்கத்து பெஞ்ச் தோழியின் பெயர் கடைசியில் எழுதப்படுகிறது. தோழி அந்தக் கண்ணாடியைப் பார்த்தது தலைவாரத்தான்.

கற்பியல்

மனிதக் குழந்தையை அறிவதற்குப் பி.எட். மாணாக்கர் முதலில் விலங்குகளைப் படிக்கிறார்: பாவ்லோவின் நாய், தார்ண்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் எலியும் புறாவும், டெனெரீஃப் தீவில் கோலர் வைத்திருந்த சுல்தான் என்னும் சிம்பன்சி. பவணந்தியாருக்கு ஆட்டையும் எருமையையும் உவமை சொன்னதோடு வேலை முடிந்தது. அவற்றைக் கூண்டில் அடைத்து மணியடிக்கத் தோன்றவில்லை. அடுத்து புளூம். 1956-இல் அவர் குழு அறிதல் தொடங்கி மதிப்பிடுதல் ஈறாக அடுக்கிய ஆறு படிகளில், மனப்பாடம் அடிப்படி. 'புளூமின் வகைப்பாட்டை விவரி' என்ற பத்து மதிப்பெண் கேள்வி எந்தப் படியைச் சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பிறகு நுண்ணிலைக் கற்பித்தல். 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, இங்கே முப்பத்தாறு நிமிடச் சுழற்சியாக உருப்பெற்றது: ஆறு நிமிடம் கற்பித்தல், ஆறு பின்னூட்டம், பன்னிரண்டு மறுதிட்டம், ஆறு மறுகற்பித்தல், ஆறு மறுபின்னூட்டம். இதில் மாணவராக உட்காருவோர் சக பி.எட்.காரர்கள். இருபத்தாறு வயதுப் பெண், இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்தோடு, ஆறாம் வகுப்புக் குழந்தையாக மாறிக் கையை உயர்த்தி "மிஸ், மிஸ்" என்பார். இவர்களுக்குள் ஓர் உடன்படிக்கை உண்டு: "எனக்குக் கஷ்டமா எதுவும் கேக்காதடி, உன் டர்ன்ல நானும் கேக்க மாட்டேன்." உலகிலேயே ஒழுங்கான ஆறாம் வகுப்பு இதுவே.

அந்த உடன்படிக்கை தெரியாத பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். இரண்டாமாண்டில் பதினாறு வாரம் அங்கே போகவேண்டும். "டிரெயினிங் டீச்சர் வந்திருக்காங்க டோய்" என்ற கூவல் எட்டு-பி வரை கேட்கும். பின்குத்திய சேலை, சுருட்டிய சார்ட், பாடக்குறிப்பு ஏடு. ஏட்டில் ஆசிரியர் செயல், மாணவர் செயல் எனப் பத்திகள். மாணவர் சொல்லப்போகும் விடையும் முந்தின இரவே எழுதப்பட்டிருக்கும்.

நீர்நிலைகள் பாடம். சார்ட்டில் ஏரி; கரையில் இரண்டு பனை, மேலே பறவை. "இந்தப் படத்தில் என்ன தெரிகிறது?" ஏட்டின்படி விடை: ஏரி. கடைசி பெஞ்சிலிருந்து வந்த விடை: "பிளாட்டு மிஸ்." வகுப்பு சிரித்தது. "எங்க ஊர்ல இதே மாதிரிதான் மிஸ் இருந்துச்சு. பனமரம்கூட இருந்துச்சு. இப்ப கல்லு நட்டுட்டாங்க."

இவ்விடத்தில் பயிற்சி ஆசிரியர் மூவகைப்படுவர். முதலாமவர் "வெரி குட், ஏரி" என்று தானே சொல்லிக் கரும்பலகைக்குத் திரும்புவார். இரண்டாமவர் "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்பார். மூன்றாமவர் "எத்தனை கல்லு நட்டிருக்காங்க? மழை பெஞ்சா தண்ணி எங்கே போகுது?" என்று கேட்டுவிடுவார். பையன் எழுந்து நின்று கையால் வாய்க்கால் வரைந்து காட்டுவான், அடுத்தவன் தன் தெரு மூழ்கியதைச் சொல்வான், மணி அடித்துவிடும், மதிப்பீட்டுப் பத்தி தொடப்படாமலே கிடக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் வழிகாட்டி ஆசிரியர் பச்சை மையால் எழுதுவார்: 'குறிக்கோள் நிறைவேறவில்லை.' முதலாமவருக்கு இருபதுக்குப் பதினெட்டு. மூன்றாமவருக்குப் பதினொன்று.

ஆயினும் ஒரு விதிவிலக்கு காத்திருக்கிறது. இரண்டாம் வாரத்துக்குப் பிறகு யாரும் பின்னால் உட்காருவதில்லை. "ஏம்மா, எட்டு-பி-க்கு டீச்சர் லீவு, கொஞ்சம் பார்த்துக்கோ." பாடமும் வேறு, மேஜரும் வேறு, ஏடு இல்லை, சார்ட் இல்லை, அறுபது பிள்ளைகள், நாற்பது நிமிடம். விதிப்படி இது நடக்கக் கூடாது. இரண்டாண்டுப் படிப்பில் பி.எட். மாணாக்கர் பிழைக்கக் கற்பது இந்த விதிமீறல்களில்தான் என்பது என் துணிபு. எந்தப் பையனின் பெயரை முதலில் தெரிந்துவைத்தால் மற்ற ஐம்பத்தொன்பது பேரும் அடங்குவார்கள் என்பது பாடம் நடத்த ஹெர்பார்ட் வகுத்த படிகளில் இல்லை. எட்டு-பி-யில் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அதற்கு ரெக்கார்டு கிடையாது. ஆதலால் மதிப்பெண்ணும் கிடையாது.

காத்திருப்பியல்

பட்டம் பெற்றவர் ஆசிரியர் ஆவார் என்பது பழைய பாடம். கல்வி உரிமைச் சட்டத்தை அடுத்து, 2010 ஆகஸ்டில் என்.சி.டி.இ. வெளியிட்ட அறிவிக்கையால் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வு என்னும் டெட் கட்டாயமாயிற்று. நூற்றைம்பது கேள்வி, தொண்ணூறு எடுத்தால் தேர்ச்சி. இடஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 2014-இல் அதை எண்பத்திரண்டு ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர், தேறியோர் 2,448. ஒன்றரை மணியில் நூற்றைம்பது கேள்வி என்றால் அவ்வளவுதான் நடக்கும். அக்டோபரில் மூன்று மணியாக்கி மறுபடி வைத்தார்கள்.

தேறியோர்க்கு வேலை உண்டோ எனின், வெயிட்டேஜ் உண்டு. 2014-இன் அரசாணை 71, டெட்டுக்கு அறுபது, பட்டத்துக்குப் பதினைந்து, பி.எட்.டுக்குப் பதினைந்து, பிளஸ் டூ-வுக்குப் பத்து என்று பங்கிட்டது. பதினைந்தாண்டுக்கு முன் வேதியியலில் கோட்டைவிட்டவரை அந்தப் பத்து, ஊழ்வினையாக உருத்து வந்து ஊட்டியது. 2018-இல் அரசாணை 149 வெயிட்டேஜை எடுத்துவிட்டு, டெட்டில் தேறியோர்க்கு இன்னொரு போட்டித் தேர்வு என்றது. சான்றிதழ் ஏழாண்டுதான் செல்லும் என்றிருந்ததை 2021-இல் ஆயுள் முழுமைக்கும் ஆக்கினார்கள். வேலை கிடைக்காமல் வாழ்நாள் முழுவதும் தகுதியோடு இருக்கலாம். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள பள்ளிக் கல்வித்துறையின் டி.பி.ஐ. வளாகத்துக்கு இப்போது பேராசிரியர் அன்பழகன் பெயர். ஆனால் 2013-இல் தேறி அதன் வாசலில் உட்கார்ந்து போராடியோர்க்கு அது இன்றும் டி.பி.ஐ.தான்.

இவ்வியலின் வகை ஒன்றே: காத்திருப்போர். தனியார் பள்ளியில் கிடைத்த சம்பளத்துக்குக் காத்திருப்போர், கோச்சிங் சென்டரில் பணம் கட்டிக் காத்திருப்போர், அதே சென்டரில் பிறருக்குப் பாடம் நடத்திக்கொண்டு காத்திருப்போர் என்னும் உட்பிரிவுகள் விரிப்பிற் பெருகும்.

ஒழிபியல்

மேலே சொன்ன எவ்வகையிலும் அடங்காதாரை இங்கே கூறி முடிக்கலாம்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. டெட் வருமுன்னே பணியில் சேர்ந்த ஆசிரியரும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும். பச்சை மையால் 'குறிக்கோள் நிறைவேறவில்லை' என்று எழுதியவர் ஒரே நாளில் தேர்வர் ஆனார். மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போனால் காணலாம். டிபன் பாக்ஸுக்கு அடியில் மாதிரி வினாத்தாள். எதிரே பயிற்சி மாணவி.

"ஏம்மா, பியாஜேவோட ரெண்டாவது நிலை எத்தனை வயசு வரைக்கும்?"

"ரெண்டுலேருந்து ஏழு மிஸ். மனச்செயல்பாட்டுக்கு முந்தைய நிலை."

"ஏழா? ஆறுன்னு போட்டுட்டேனே. உன் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோங்க மிஸ். ஆனா அது எங்க சீனியரோடது."

இவரை ஆசிரியர் என்பதா, மாணாக்கர் என்பதா என்பதில் உரைகாரர் மாறுபடுவர். இருபத்துநாலு ஆண்டு எட்டு-பி-யை அடக்கியவர், எனவே ஆசிரியரே என்பர் ஒருசாரார். தொண்ணூறு எடுக்கும்வரை சொல்ல இயலாது என்பது நீதிமன்றத்தார் கொள்கை. அவரோ இரண்டையும் பொருட்படுத்தாமல் ஜெராக்ஸைப் பைக்குள் வைத்து எழுந்தார்.

"நாளைக்கு மூணாவது பீரியடும் நீயே எடுத்துக்கோம்மா. எனக்கு மாக் டெஸ்ட் இருக்கு."